பதிலையும் சேர்த்துக் கேட்ட கேள்வி

இன்று காலை மருந்து அலுமாரியைத் துப்புரவாக்கும்போது, கண்ணுக்குப் பூசும் களிம்பு ரியூப் ஒன்று கையில் அகப்பட்டது. அடியிலிருந்து இறுக்கிச் சுருட்டி, சுருள் அவிழாமல் ஒரு கிளிப்பும் குத்தியிருந்தது. உன் வேலைதான். கெற்றமின் மயக்க ஊசி ஏற்றிய நாய் மயங்கினாலும் கண்ணை மூடாது. விழித்தபடி கிடந்தால் கண் உலர்ந்து புண்ணாகிவிடும் என்று, நான் கத்தி வைக்குமுன் இரண்டு கண்ணுக்கும் களிம்பு வைப்பாய். பெட்டியில் புதிய ரியூப் கிடக்க, பழையதன் கடைசித் துளியைப் பிதுக்கிக்கொண்டு நிற்பாய். கையுறை போட்ட கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இன்றைக்கும் எரிச்சல் வந்தது. ஆனால் உன்மேல் இல்லை. வெளியே இரண்டு பேர் நாய்களோடு காத்திருக்க, நான் அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன்.

கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் கிளினிக்குக்காக அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தபோது, நாய் டொக்டர்மார் இரண்டு பேர், அதுவும் பெண்கள், எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கப் போகிறார்கள் என்றுதான் ஊர் பார்த்தது. நமக்குள் வேலை பிரிப்பதில் பேச்சே இருக்கவில்லை. எனக்குப் பொறுமை இல்லை, ஆகவே நான் வெட்டுவேன். உனக்கு அது வேண்டிய மட்டும் இருந்தது, ஆகவே நீ மயக்கத்தைப் பார்த்துக்கொண்டு தலைமாட்டில் நிற்பாய். நீ "நிப்பாட்டு" என்றால் கத்தி எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. யாருக்கும் அடங்காத நான் அந்த ஒரு சொல்லுக்கு அடங்கினேன்.

நாக்கில் கிளிப் மாட்டி ஒட்சிசனையும் நாடியையும் காட்டும் மெஷின் பிறகுதான் வந்தது. அது வந்த பிறகும் நீ நாயின் பல் முரசை விரலால் அழுத்தி வெளுக்க விட்டு, சிவப்புத் திரும்புகிறதா என்று பார்ப்பாய். இமையோரத்தைத் தொட்டுப் பார்ப்பாய். ரயில் போகும்போது மேசை அதிரும், ஸ்ரெதஸ்கோப்பில் ரயில் மட்டும்தான் கேட்கும். அப்போது உன் கை நாயின் பின்தொடைக்குள் போய் நாடியைப் பிடித்துக்கொள்ளும். உன் உதடு எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும்.

"என்னடி, தலைமாட்டிலை நிண்டு செபம் பண்ணுறியோ?" என்று ஒருநாள் கேட்டேன். உங்கள் வீடு மிஷன் பள்ளிக்கூடத்து வீடு அல்லவா, அந்தப் பகிடிதான்.

"மூச்சு எண்ணுறன். இடையிலை செபமும்தான். நீ வெட்டிற வெட்டுக்கு ரெண்டும் வேணும்."

பண்டத்தரிப்பிலிருந்து வந்த அந்த மண்ணிறப் பெட்டை நாயை நீ மறந்திருக்க மாட்டாய். கர்ப்பப்பை எடுக்க வந்தது. வெறும் வயிறுதானே என்று நான் கேட்டேன், ஓம் என்றார் வீட்டுக்காரம்மா. ஊசி ஏற்றி, தொண்டைக்குள் குழாய் போடுமுன்னே சத்தி எடுத்தது. சோறும் கருவாடும். தலையைக் கீழே சரித்து, துடைத்து, உறிஞ்சி எடுத்து, நீ செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தாய். ஆனாலும் கொஞ்சம் நெஞ்சுக்குள் போய்விட்டது. சில நாளில் சளிக்காய்ச்சல் கண்டு செத்துப்போனது. அந்த அம்மா அழ அழ, பொய் சொன்னதற்காக நான் அவரைப் பேசித் தீர்த்தேன். நீ அவரை கேற் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்து, தண்ணீர்ப் பைப்படியில் ஆயுதங்களைக் கழுவத் தொடங்கினாய்.

"அவவிலை பிழையில்லை," என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். "வெட்டப் போற சீவனை ஆர் பட்டினியா அனுப்புவினம்? நாங்கள் கேக்கிற விதம்தான் சரியில்லை. பதிலையும் சேர்த்தெல்லோ கேக்கிறம். அவை எங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லிப்போட்டுப் போகினம்."

அதற்குப் பிறகு உணவைப் பற்றிக் கேட்கும் வேலையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டாய். வடகரையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி, காலில் கட்டியோடு ஒரு பெரிய கறுப்பு நாயைக் கொண்டுவந்தாரே, ஞாபகமா? நான் ஊசியில் மருந்தை எடுத்துவிட்டேன். நீ வந்து நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டு, சும்மா கதைக்கிற மாதிரிக் கேட்டாய்.

"காலமை இவருக்கு என்ன மீன் கிடைச்சது?"

"விளைமீன்தான் பிள்ளை," என்றார் அவர். "ஒரு சின்னத் துண்டு. வெறும் வயித்தோடை எப்பிடிக் கொண்டாறது? திரும்பி வாறானோ இல்லையோ ஆருக்குத் தெரியும்?"

நீ சிரிக்கவில்லை. மயக்கத்தில் சத்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று விளக்கி, அடுத்த நாள் வரச் சொன்னாய். நான் எடுத்த மருந்தைக் கொட்டினேன். கறுப்பன் மறுநாள் பசியோடு வந்து, மூன்று காலில் நொண்டிக்கொண்டு உயிரோடு வீட்டுக்குப் போனான்.

இவ்வளவையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பார்த்து என்ன பயன்? நாய்களிடம் வந்த புத்தி மனிதர்களிடம் வரவில்லை.

கடைசி வருடம் நீ தலைமாட்டில் ஸ்ரூல் போட்டு இருக்கத் தொடங்கினாய். வயது போகுது என்று பகிடி பண்ணினேன். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குச் செய்யக் கீரிமலைக்குப் போனபோது, எனக்குத் துணையாக நீயும் வந்தாய். கேணிக்குப் போகும் வழியில் பாதியில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உதடு வெளிறியிருந்தது. அந்த நிறத்தை நாயின் நாக்கில் கண்டிருந்தால் கத்தியைக் கீழே போட்டிருப்பேன்.

"வெய்யில்தானே? வேறை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டேன்.

"ஓம், வெய்யில்தான். நீ போய் மூழ்கிப்போட்டு வா, நான் காத்து வாங்கிறன்."

போய்விட்டேன். மூழ்கி எழும்பி, ஈரத் தலையோடு வந்து, உன்னிடம் துவாய் வாங்கித் தலை துவட்டினேன். பிறகு நீ கொழும்புக்குப் புறப்பட்டபோதும் அதே கதைதான். "மச்சாளின்ரை கலியாணத்துக்குத்தானே?" என்றேன். "ஓம்," என்றாய். உனக்கு நான் எவ்வளவு வசதியான ஆளாக இருந்திருக்கிறேன்.

சிறுவயதுக் காய்ச்சலால் பழுதான இதய வால்வு. கலியாணமென்று சொல்லி அறுவைக்குப் போன நீ மயக்கத்திலிருந்து எழும்பவேயில்லை. எத்தனை சீவன்களின் காதுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பியவள். உன்னை மயக்கியபோது தலைமாட்டில் நின்றது யாரோ, எனக்குத் தெரியாது. அவர்களும் கவனமாகத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் உன் பேர் சொல்லிக் கூப்பிட நான் அங்கே இருக்கவில்லை.

செத்தவீட்டில் உன் கணவர் மெதுவாகச் சொன்னார். "உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவ. சொன்னால் நீங்கள் கிளினிக்கைப் பூட்டிப்போட்டு தன்னோடை வந்து நிப்பியள், வாற நாயளை ஆர் பாக்கிறது எண்டவ."

பூட்டியிருப்பேன்தான். அதனாலென்ன? அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தில் பெட்டிக்குள் கிடந்த உன்னோடு சண்டை பிடித்திருப்பேன். இரக்கப்பட்டு மீன் துண்டை ஒளித்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லும் கூட்டத்தில் நீயும் ஒருத்தி. அவர்களிடமிருந்து உண்மையை எடுக்கத் தெரிந்தவள் நீ. உன்னிடமிருந்து எடுக்க எனக்குத் தெரியவில்லை. அந்தக் கவலை ஆறவில்லை, ஆறும் என்றும் நான் நினைக்கவில்லை.

இன்று வந்தவர்களை ஒருவாறு பார்த்து அனுப்பிவிட்டு, மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். வாரத்தில் ஒருநாள் போகிறேன்தான். போய், கேற்றடியில் நின்றே "சாப்பிட்டனீங்கள்தானே?" என்பேன். உன் கணவர் "ஓம் ஓம்" என்பார். நான் நிம்மதியாகத் திரும்பிவிடுவேன். இன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே குசினிக்குள் போனேன். உன் பூனை காலுக்குள் வந்து சுற்றியது.

"ராத்திரி என்ன சமைச்சனீங்கள், அண்ணை?"

அவர் குனிந்து பூனையைத் தூக்கினார். "பூனைக்கு மீன் அவிச்சனான்."

"உங்களுக்கு?"

பூனையை இறக்கிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். அவரது சேர்ட் தோளில் தொங்கிக் கிடந்ததை அப்போதுதான் கண்டேன்.

"ஒராளுக்கு எவ்வளவு அரிசி போடுறதெண்டு எனக்குத் தெரியேல்லை, டொக்டர். ரெண்டு பேருக்குப் போட்டால் மிஞ்சுது. மிஞ்சினதைப் பாக்க ஏலாமல் கிடக்கு."

நான் இரண்டு பேருக்கு அரிசி அளந்து கழுவி உலையில் போட்டேன். சோறு அவியும்வரை அவர் உன்னைப் பற்றிக் கதைத்துக்கொண்டேயிருந்தார். கொழும்புக்குப் போன ரயிலில் உனக்கு எவ்வளவு பயமாக இருந்தது, யன்னல் பக்கம் திரும்பி இருந்து எப்படி அழுதாய் என்பதெல்லாம் சொன்னார். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் எனக்குத் தெரியாதவை. எல்லாம் நீயே எனக்குச் சொல்லியிருக்கக்கூடியவை, நான் கேட்டிருந்தால்.