பகலில் வண்டி வராத ஒரு வாரம்

அக்கா, உங்கள் மல்லி மிளகாய்க் கடை வாசலில் இன்று காலை உங்கள் மகன் புது எலக்ட்ரிக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். அதைத் தாண்ட முடியாமல் ஒரு அரிசி லாரி எஞ்சினை அணைக்காமலே நின்றது. டீசல் புகை முழுக்க உங்கள் கடைக்குள் போனது. எதிரே என் பாத்திரக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் நினைப்புதான் வந்தது, வேறென்ன வரும்.

சாலைக் கடைத்தெருவில் பகலில் வண்டி விடக்கூடாது, சரக்கு லாரி விடியுமுன் இறக்கிவிட்டுப் போகட்டும், தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்ன பஸ் விடுங்கள் என்று கேட்டு நீங்கள் ஏறாத ஆபீஸ் இல்லை. இளைப்போடு படியேறுவீர்கள், இன்ஹேலரை வைத்துக்கொண்டு நான் பின்னால் வருவேன். ஒரு மலையாளி அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "எலக்ட்ரிக் வண்டி வருதல்லோ சேச்சி, பின்னே எல்லாம் சரியாவும்."

நீங்கள் விடவில்லை. "அது வர்ற வரைக்கும் நான் மூச்சப் புடிச்சிட்டு இருக்கணுமா சாரே? வந்தாலும் ரோட்டுல எடம் எங்க இருக்கு?"

கடைசியில் ஒரு வாரம் பகலில் வண்டி விடாமல் பார்த்தார்கள். அடேயப்பா, அந்த வாரம்! தெருவில் ஆள் பேசுவது காதில் விழுந்தது. மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். "மல்லி மணக்குதுடே தம்பி" என்றீர்கள். அத்தனை வருஷமும் அந்த மல்லிக்கு நடுவில்தான் இருந்தீர்கள்.

நம் தெருக் கடைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். வாசலில் கிடப்பதில் பாதி நம் சொந்த வண்டிதானே! பக்கத்துக் கடைக்காரன் சாக்கு அடுக்கிவிடுவானோ என்று காலையிலேயே ஸ்கூட்டரை நிறுத்தி இடம் பிடிப்போம். பிறகு, வாங்க வருகிறவனுக்கு வண்டி நிறுத்த இடமில்லை என்று அழுவோம். வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் நீங்கள் இதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, வேண்டாம் என்று கை தூக்கினார்கள். அத்தோடு முடிந்தது. அடுத்த மழைக்காலத்துக்கு நீங்கள் இல்லை.

நேற்றுக் கூட்டத்தில் மறுபடி அந்தப் பேச்சு வந்தது. உங்கள் மகன் என் பக்கத்தில்தான் இருந்தான். "அம்மதான் போயாச்சே மாமா, இனி யாருக்கு வேண்டி?" என்றான்.

பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் பேத்தி உங்கள் கடையில்தான் வந்து உட்காருகிறாள். கொஞ்ச நாளாக இருமுகிறாள். உங்கள் மகனிடம் சொன்னால், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறான்.

நேற்றுக் கூட்டத்தில், வேண்டும் என்பவர் யார் என்று கேட்டபோது என் கை ஒன்றுதான் மேலே நின்றது. இந்தத் தெரு மாறும் என்கிற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது, அக்கா. இனியும் கேட்டால் கை தூக்குவேன். உங்களிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அவ்வளவுதான்.