போக ஆறு மணி நேரம், திரும்ப ஒரு நாள்

அன்புள்ள குட்டிம்மா,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் நாள் முழுக்க என் நினைப்பு. ஃபோனில் பேசினால் உன் அம்மாவுக்குக் கேட்டுவிடும், அவளுக்குப் பாம்புச் செவி, அதனால் மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன்.

அம்மாவை மட்டும் பிரசவத்துக்கு வரச் சொல்லி நீ விமான டிக்கெட் விவரம் அனுப்பினாய், அவள் முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்றாள், நீ அழுதுகொண்டே ஃபோனை வைத்துவிட்டாய். உன்மேல் கோபம் என்று நினைக்காதே. பஸ் ஸ்டாண்டில் காலமெல்லாம் டைம் கீப்பராக இருந்தவள் அல்லவா, டிக்கெட்டையும் பஸ் அட்டவணை மாதிரியே படித்திருக்கிறாள். போகும்போது காலை எட்டுக்குக் கிளம்பி அன்றைக்கே மதியம் இரண்டுக்கு இறங்குகிறது, திரும்பும்போது காலை எட்டுக்குக் கிளம்பி மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் வருகிறது. "போக ஆறு மணி நேரம், வர ஒரு நாளுக்கு மேலயா? அந்த டிரைவர் வண்டிய எங்க நிறுத்திட்டுத் தூங்கறான்?" என்று என்னைக் கேட்டாள். அவள் நேரம் குறித்து அனுப்பிய பஸ்களை ஓட்டியவன் நான், அந்த விஷயத்தில் இன்றுவரை அவளை எதிர்த்துப் பேசியதில்லை. அப்புறம்தான் மெல்ல மனதில் இருப்பதைச் சொன்னாள். போன வருடம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்களே, அந்தப் பயம் இன்னும் அவளை விடவில்லை. "உங்களுக்கு ஒண்ணுன்னா ஒரு நாள் முழுக்க நான் ஆகாசத்துல உக்காந்துட்டிருக்கணுமா?" என்றாள்.

நேற்று டிராவல்ஸில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் சிரிக்காமல் சொன்னாள், அந்தந்த ஊர்க் கடிகாரப்படி எழுதுவார்களாம், உங்கள் ஊர்க் கடிகாரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறதாம். உண்மையில் போகப் பதினாறரை மணி நேரம், திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பதினாலரை. வீட்டுக்கு வந்து சொன்னதும் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "அப்போ மககிட்ட போக லேட்டாகும், விட்டுட்டு வர மட்டும் சீக்கிரமா? காத்துக்குக்கூட மனசாட்சி இல்ல" என்றாள். பதினாலரை மணி நேரமும் ஒன்றும் அடுத்த தெரு இல்லை, அது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வர வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள், வண்டியை நேரத்துக்கு எடுக்கச் சொல்லும் அதே குரலில். சரி என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது குட்டிம்மா, ஆனால் அம்மா பக்கத்தில் இல்லாமல் நீ வலி தாங்குவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. இன்று காலையில் பார்க்கிறேன், பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எதற்கு என்று கேட்டால் தூசி என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, படியில் பார்த்து இறங்கு. நீயும் பிள்ளையும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முடியாது என்று சொன்னவள் தானாக வருகிறேன் என்று சொல்லமாட்டாள். நீ இன்னொரு தடவை கூப்பிட்டு, வாம்மா என்று கேள்.

உன் அப்பா