ஒன்பதாவது கேள்விக்கு அப்பாவின் பதில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எனக்கும் ஒரு குறையும் இல்லை. பிரஷர் மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார், முழங்கால் மட்டும் படி இறங்கும்போது முணுமுணுக்கிறது. உன் சித்தி இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து, என்ன அத்தான், போன தடவை வெச்சது அப்படியே இருக்கு என்று திட்டிவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போகிறாள். மூன்று மாதமாக ஒழுகிக்கொண்டிருந்த பாத்ரூம் குழாயை ஒருவழியாகச் சரி செய்தாயிற்று, ஐந்து நிமிஷ வேலை, அம்மா இருந்திருந்தால் இதுக்கா மூணு மாசம் என்று கேட்டிருப்பாள். கீழ்வீட்டு டெய்லர் உன்னைத் தினமும் விசாரிக்கிறார். அவரைப் பொறுத்தவரை நீ போலீஸ். கம்ப்யூட்டர் பாதுகாப்பில் தலைமைப் பொறுப்பு ஏற்பதற்கான மேல்படிப்பு என்று எத்தனை தடவை விளக்கினாலும், சரி சார், துப்பாக்கி எப்போ குடுப்பாங்க என்கிறார். நானும் விட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன், இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் தாள் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, ஒன்பதாவது கேள்வியில மட்டும் ஏம்ப்பா ஓடி ஒளிஞ்சிக்கிட்டீங்க என்று கேட்டுச் சிரித்தாய். உன் கடைசி வருஷ ஆய்வுக்காக நீ அனுப்பிய படிவத்தில் பன்னிரண்டு கேள்வி, பதினொன்றுக்குப் பதில் எழுதி அனுப்பினேன். ஒன்பதாவது, இந்தப் பாதுகாப்பு விதியால் உங்களுக்கு எப்போதாவது இழப்பு ஏற்பட்டதா என்பது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். மறந்திருப்பீங்க, நானே இல்லைன்னு போட்டுக்கறேன், நம்ம குடும்பத்தைத்தான் முதல் உதாரணமா எழுதப்போறேன், ரெண்டு வருஷத்துல ஒரு தப்புகூட நடக்கலை என்றாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. நான் மறக்கவும் இல்லை பாப்பா. பத்து மாதமாக உன்னிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் நீ அந்த ஆய்வைக் கொடுக்கப்போகிறாய், அதற்குள் இது உன் கைக்கு வரவேண்டும். போனில் சொல்ல எனக்குக் குரல் வராது, அதனால்தான் கடிதம்.

நீ படிக்கக் கிளம்புவதற்கு முந்தின வாரம் எங்கள் இரண்டு பேரையும் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தாயே, ஞாபகம் இருக்கும். தெரியாத நம்பர்லேர்ந்து அவசரம்னு யார் கூப்பிட்டாலும், அது என் குரல் மாதிரியே இருந்தாலும், நமக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு கேள்வியைக் கேளுங்க, பதில் வரலைன்னா கட் பண்ணிடுங்க, அப்புறம் நமக்குத் தெரிஞ்ச நம்பருக்கு நாமளே திரும்பக் கூப்பிட்டுப் பாக்கணும் என்றாய். கேள்வியை அம்மாதான் தேர்ந்தெடுத்தாள். சட்டையில என்ன என்று கேட்கவேண்டும், பச்சைப் பொத்தான் என்று பதில் வரவேண்டும். நான் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த அன்று வெள்ளைச் சட்டையில் நாலாவது பொத்தான் காணாமல்போய், அவள் அவசரத்தில் தன் பச்சை ஸ்வெட்டரிலிருந்து ஒன்றை வெட்டித் தைத்து அனுப்பி, அன்றைக்கு டிப்போவே என்னைப் பார்த்துச் சிரித்த கதை. உங்கப்பாகிட்ட போய் விதியைக் குடுக்கறியே, அதைக் கட்டிக்கிட்டே படுத்துப்பார் என்று அம்மா உன்னைக் கேலி செய்தாள். அவள் சொன்னதில் தப்பில்லை. இருபத்தெட்டு வருஷம் டிப்போ வாசலில் நேரக் காப்பாளராக உட்கார்ந்து, நேரம் குறித்த சீட்டு இல்லாமல் ஒரு பஸ்ஸையும் தாண்டவிடாதவன் நான்.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள். வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் எழுந்து உட்கார்ந்து, எனக்கு அந்தப் பூப்போட்ட நைட்டியைக் கொண்டு வாங்க, இதுல ஆஸ்பத்திரி வாடை அடிக்குது என்றாள். நான் குளித்துவிட்டு நைட்டியும் எடுத்துவரலாம் என்று மதியம் வீட்டுக்கு வந்தேன். போன் வந்தது, தெரியாத நம்பர். ஒரு பெண், உங்க மிஸஸுக்கு மூச்சு சரியில்லை, உடனே வாங்க, கையெழுத்து வேணும், இன்ஷூரன்ஸ் கார்டு நம்பரையும் சொல்லுங்க என்று படபடவென்று பேசினாள். முந்தின வாரம்தான் நீ, ஆஸ்பத்திரியில இருக்கறவங்க பட்டியலைத் திருடி வீட்டு ஆளுங்களைப் பயமுறுத்தற கூட்டம் ஒண்ணு கிளம்பியிருக்கு என்று எச்சரித்திருந்தாய். சட்டையில என்ன என்று கேட்டேன். என்ன சார் கேக்கறீங்க என்றாள். வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி கேட்டேன், விளையாடற நேரமா சார் இது என்றாள், வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை ஒரு ஆண் குரல், அவனையும் கேட்டுவிட்டு அந்த நம்பரையே தடுத்துவைத்தேன். நீ சொன்னபடியே அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டும் பார்த்தேன், மணி அடித்து நின்றது. சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள், எழுப்பவேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி நம்பர் அவளுடைய ரிப்போர்ட்டெல்லாம் வைத்திருந்த மஞ்சள் ஃபைலில் இருந்தது, ஃபைல் அவள் தலைமாட்டில் இருந்தது. எனக்கு அப்போது எவ்வளவு பெருமை தெரியுமா, பாப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டே அந்த நைட்டியை இஸ்திரி போட்டேன். காலர் மடிப்பு சரியாக வரவில்லை என்று இரண்டாவது தடவையும் போட்டேன்.

நான் போனபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கக்கூடாதா சார் என்று கட்டிலருகே நின்ற நர்ஸ் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். அப்பா உன்னிடம் சொன்ன ஒரே பெரிய பொய். அதைக் கேட்டு நீ, நீங்க இருந்தீங்களேப்பா, அது போதும் என்று அழுதாய். அதற்கப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது?

மஞ்சள் ஃபைலை வாங்க இரண்டு வாரம் கழித்துப் போனேன். அன்று கட்டிலருகே இருந்த அதே நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அம்மா கடைசியில பச்சைப் பொத்தான், பச்சைப் பொத்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க சார், மாஸ்க்கை விலக்கி விலக்கிச் சொன்னாங்க, எங்களுக்குப் புரியலை, அவங்க சட்டைப் பொத்தானைக்கூடச் சரி பாத்தோம் என்றாள். எனக்குப் போன் செய்தவள் வேறு நர்ஸ், வராந்தாவின் அந்தக் கோடியில் கவுன்டரில் இருப்பவள். என் கேள்வி அவள் காதில் விழுந்தது, அம்மாவின் பதில் இவள் காதில் விழுந்தது. நடுவில் ஒரு வராந்தா. நான் எடுத்ததும் கேட்பேன், பதில் வராவிட்டால் வைத்துவிடுவேன் என்று அந்த நிலையிலும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது பாப்பா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றையிலிருந்து எந்த நம்பரிலிருந்து வந்தாலும் எடுத்துவிடுகிறேன். பாலிசி விற்கிறவன், மெத்தை விற்கிறவன், எல்லோரும் பேசி முடிக்கிறவரைக்கும் கேட்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, என்னாலதான் என்று நீ தலையில் கைவைத்து உட்காருவாய், எனக்குத் தெரியும். படிப்பே வேண்டாம் என்றுகூடத் தோன்றும். வேண்டாம் கண்ணு. நீ போட்ட விதியில் தப்பில்லை, அம்மா சித்திக்கும் சொல்லிவைத்த அதே விதிதான் போன வருஷம் உன் குரலில் பேசிய திருடனிடமிருந்து அவளைக் காப்பாற்றியது. டிப்போவில் ஒரு தடவை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஏற்றிக்கொண்டு சீட்டு இல்லாமல் ஒரு டிரைவர் வண்டியை எடுத்துப் போய்விட்டான். நான் அவன்மேல் புகார் எழுதினேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். எனக்கு ஒரு வாரம் அவர்மேல் கோபம். இப்போது இல்லை. நீ மேனேஜராகப் போகிறவள், உன் விதியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருப்பான், அவனையும் நினைத்துக்கொண்டு எழுது. போனில் அந்தப் பெண் கேட்ட கார்டு நம்பரை நான் கொடுக்காதது சரிதான். ஆனால் வாங்க என்றும் சொன்னாளே. கிளம்பிப் போயிருக்கலாம். ஏமாந்திருந்தால்தான் என்ன, மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றிருப்பேன், அம்மா கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாள்.

அதனால் ஒன்பதாவது கட்டத்தில் ஆம் என்று போட்டுக்கொள். நம் வீட்டை உதாரணமாக எழுதுவதாக இருந்தால் இதையும் சேர்த்து எழுது, அழகாக இருக்கட்டும் என்று விட்டுவிடாதே. பரீட்சை நாளில் வெறும் வயிற்றோடு போகாதே. குளிருக்கு அந்தத் தடிமனான கோட்டைப் போட்டுக்கொள், பார்க்க நன்றாக இல்லை என்று பெட்டியிலேயே வைக்காதே. நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியும், அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உன்னோடு எப்போதும் இருக்கும். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. எந்த நம்பரிலிருந்து வேண்டுமானாலும் கூப்பிடு, நான் ஒன்றும் கேட்கமாட்டேன். நீ கேட்பாய், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பச்சைப் பொத்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா