கவுன்டருக்கு ஏற்ற முகம்

ஜூன் 12, 2006. திங்கள்
காலையிலேயே அனல். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. இறங்கும்போது புடவை கசங்கிப் போயிருந்தது.

ஆபீஸில் புது முன் கவுன்டர் தயார். கண்ணாடித் தடுப்பு, ஏ.சி., சுழல் நாற்காலி. செல்போன் கனெக்‌ஷனுக்கு வரும் கூட்டத்துக்கு இது எப்போதோ வேண்டியது. கவுன்டர் பொறுப்பு எனக்குத்தான் என்று போன மாதம் மேனேஜரே சொன்னார். கத்திக்கொண்டு வருகிற கஸ்டமரை எல்லாம் என்னிடம்தானே அனுப்புவார்.

இன்று கூப்பிட்டார். "நீ பின் ரூம்ல போன் எடும்மா. உன் குரல் நல்லாருக்கு."

அப்போ முன்னால் யார்?

"சென்னை ஹெட் ஆபீஸ்ல முடிவு பண்ணுவாங்க."

ஜூன் 13
சுதா மாடிப்படியில் நிறுத்தினாள். பக்கத்து சீட்டுக்காரி, ஆபீஸில் எனக்கு இருக்கும் ஒரே தோழி.

"மனசுல வச்சிக்க முடியல ரேவதி. சார் சென்னைக்கு போன்ல பேசினாரு. 'நல்லா வேலை செய்யும், ஆனா ரொம்ப கறுப்பு, காலனிப் பொண்ணு வேற, கஸ்டமருங்க முன்னாடி எப்படி உக்கார வைக்கறது'ன்னாரு. என் காதால கேட்டேன்."

புகார் கொடுத்தால் இதைச் சொல்வாயா என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பேனா? என்னை என்னன்னு நெனச்சே?"

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கண்ணாடி பார்த்தேன். பார்த்ததற்காக என் மேலேயே கோபம். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. துவரம்பருப்பு வாங்க மறந்ததற்குத் திட்டு.

ஜூன் 16
சென்னைக்கு போன் செய்து புகார் சொல்லிவிட்டேன். குரல் உடையவில்லை. திங்கட்கிழமை விசாரிக்க வருகிறார்களாம். சுதாவுக்கும் சொன்னேன். "ம்" என்றாள். தலைவலியாம்.

ஜூன் 19. திங்கள்
சென்னையிலிருந்து ஒரு மேடம். மேனேஜர் ரூமில் நான்கு பேர்.

மேனேஜர்: "நம்ம ஆபீஸ்ல ஜாதின்ற பேச்சே கிடையாது மேடம். ரேவதி என் தங்கச்சி மாதிரி."

மேடம் சுதாவைப் பார்த்தார்.

"நான் எதையும் கேக்கல மேடம். ரேவதி எதையுமே கொஞ்சம் ஜாஸ்தி யோசிக்கும்."

என் பக்கம் திரும்பவே இல்லை. துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"இத என்கிட்ட சொன்னதே இவங்கதான் மேடம்" என்றேன். மேடம் நோட்டை மூடினார். "பர்சனலா எடுத்துக்காதீங்க. டீ சாப்பிடுங்க."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. எங்கள் வீடு காலனியில் என்று ஆபீஸில் சுதா ஒருத்திக்குத்தான் தெரியும். அவளை நம்பிச் சொன்னேன். பிறகு மேனேஜருக்கு எப்படி?

ஜூன் 21
மழை. கரண்ட் இல்லை.
கவுன்டர் பொறுப்பு சுதாவுக்கு. எல்லோர் கையிலும் லட்டு கொடுத்துக்கொண்டு வந்தாள். என்னுடையதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் தொடவில்லை. எறும்பு மொய்த்தது.

ஜூன் 22
பின் ரூமுக்குப் போகவில்லை. கவுன்டரில் இன்னொரு நாற்காலி காலி. உட்கார்ந்தேன். காலையிலேயே கூட்டம்.

மேனேஜர் குனிந்து மெதுவாக, "உள்ள போம்மா."

"எதுக்கு சார் போகணும்? இவங்க எதிர்லயே சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. போய்விட்டார். இதற்கு என்ன செய்வாரோ.

மதியம் கை கழுவும் இடத்தில் சுதா. கண் வீங்கியிருந்தது.

"காலனின்னு அவருகிட்ட சொன்னது நீதானே?"

"சும்மா பேச்சு வாக்குல சொன்னேன், ரேவதி. தப்பா நெனைக்காதே. எனக்கு இத விட்டா வேற வழியில்ல. உங்களுக்கென்ன, கோட்டா இருக்கு. எங்கயாவது கவர்மென்ட் வேலை வாங்கிடுவீங்க."

உங்களுக்கு. நான் ஒருத்திதான் எதிரில் நின்றேன்.

குழாயை மூடினேன். வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்தவங்க வாங்க என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.