வெந்த விதைக்கு ஈடாக உயிர்விதை வேண்டி வடகோட்டைக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. கடலும் மலையும் எல்லையாகக் கொண்ட செவ்வாரை நாட்டில், கோமான் இளவெயினரின் குடைநிழலில், துறைமுகமும் சுங்கமும் காக்கும் அமைச்சன், பட்டினத்து வணிகர் குலத்துச் சாத்தங்காரி, வடகோட்டைத் தலைவரும் முப்போர் வென்றவரும் மூன்று காரவிழா வென்றவருமாகிய ஏனாதி விண்ணந்தாயனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதில்கள் உறுதியாக நிற்க, குதிரைகள் கொழுக்க, தங்கள் முற்றத்து மிளகாய்ச் செடிகள் மட்டும் இவ்வாண்டு சற்றே இளைத்திருக்க இறை அருள்க.

தை முழுமதி நாளில் அவையோர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முற்றத்தில் தம் கையால் விதையிட்டு வளர்த்த ஒரு மிளகாயை அரசர் முன் வைப்பதும், எவர் மிளகாயைக் கடிக்கையில் அரசர் கண்ணில் முதல் நீர் அரும்புகிறதோ அவர் அவ்வாண்டு முழுவதும் அரியணைக்கு வலப்பக்கம் அமர்வதும் நம் காரவிழா வழக்கம். மூன்று ஆண்டாக அங்கே அமர்ந்திருப்பவர் தாங்களே ஆதலால் இதை மறந்திருக்க வழியில்லை. நம் கோமானுக்கு இடக்காது கேளாது என்பதையும் அறிவீர். நான் இடப்பக்கத் தூணருகே இருந்துகொண்டு, துறைமுகக் கரையை அலை அரித்துச் செல்கிறது, கற்சுவர் எழுப்ப ஆணை தருக என்று மூன்று ஆண்டாக விண்ணப்பித்து வருகிறேன். அரசரோ தங்கள் பக்கம் திரும்பி, அமைச்சருக்கு இருமல் இன்னும் குறையவில்லையா என்று வினவுகிறார். தாங்களும் குறையவில்லை என்று பணிவுடன் விடை பகர்கிறீர்.

பொறாமை என்று எழுத என் எழுத்தாணி கூசுகிறது. ஆயினும் வேறு சொல் கிடைக்கவில்லை. என் மனையாள் தேமொழி கூட விருந்தினர் வரும் நாளில் வடகோட்டை மிளகாயையே அம்மியில் வைக்கிறாள். நம் வீட்டுச் செடியில் காய்ப்பது என்ன ஆயிற்று என்றேன். அது மிளகாயா, நான் வெண்டைக்காய் என்றல்லவோ நினைத்தேன் என்றாள். அண்டை வீட்டார் சிரிப்பு சுவர் ஏறி வந்தது.

இக்காரணத்தால் வைகாசியில் தங்களிடம் விதைக்காகச் சில மிளகாய் வேண்டினேன். தாங்கள் சிவந்த வற்றல் நூறைப் பட்டுப்பையில் இட்டு விடுத்தீர். கேட்டதற்கு மேல் ஒருவர் கொடுத்தால் எங்கள் குலத்தில் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பர். ஆசை என் கண்ணை மறைத்தது.

விதைகளை உதிர்த்து மோரில் ஊறவைத்தேன். ஆற்று மணலும் மக்கிய ஆட்டெருவும் கலந்து அகன்ற மண்தட்டில் பரப்பி, நகக்கண் ஆழத்தில் விதையிட்டு, வைக்கோல் மூடி, விரல்நுனியால் நீர் தெளித்தேன். வெதுவெதுப்பு வேண்டி அடுப்பருகே வைத்த அத்தட்டில் சமையற்காரி மூன்று முறை தடுக்கி விழுந்தாள். பத்தாம் நாள் எட்டிப் பார்த்தேன். இருபதாம் நாள் வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். முப்பதாம் நாள் ஒரு பச்சை தென்பட்டது; அது கோரை.

தங்களுக்கு எழுதினேன். வெயில் போதவில்லை போலும், பொறுத்திருக்கவும் என்று ஒரே வரியில் மறுமொழி வந்தது. அவ்வரியை எங்கோ கண்ட நினைவு எனக்கு. பின்னர் என் தோட்டக்காரன் கீரந்தை ஒரு விதையைப் பல்லில் இட்டு நெரித்து, ஐயா, இது வெந்நீரில் முக்கிக் காயவைத்த வற்றல், குழம்புக்கு ஆகும், மண்ணுக்கு ஆகாது, உங்கள் பண்டசாலையில் கப்பலேறும் சரக்குக்கு இப்படித்தானே செய்வார்கள் என்றான்.

அப்போதுதான் அவ்வரியைக் கண்ட இடம் நினைவுக்கு வந்தது. என் கையெழுத்தில் கண்டேன்.

அயலார் நம் மிளகாயை வாங்கி உண்ணலாம், விதைத்து விளைவிக்கலாகாது என்று வெந்நீரில் முக்கி அனுப்புவது எங்கள் குலத்து வழக்கம். சென்ற ஆண்டு தாங்கள் தீவுகளின் உருண்டை மிளகாயை விதைக்கு வேண்டியபோது, பணியாட்கள் கைப்பழக்கத்தால் அதையும் முக்கிவிட்டனர். ஓலையில் கீறியதை அழிக்க இயலாது ஆதலால் அடுத்த வரியில் திருத்துகிறேன்: நானே அருகில் நின்று முக்கச் சொன்னேன். முளைக்கவில்லை என்று தாங்கள் எழுதியபோது வெயிலின்மேல் பழி போட்டவனும் நானே. வாளேந்துபவர் வணிகன் வித்தையை வணிகனுக்கே விற்பார் என நான் எண்ணவில்லை. இதிலும் முந்திவிட்டீர் என்பதே இப்போது என் வயிற்றெரிச்சல்.

இன்று ஆடி இருபதாம் நாள். நாற்று ஆறு இலை விட நாற்பது நாள். பிடுங்கி நட்டுப் பூக்க இரு திங்கள். காய் பழுத்து உறைப்பேற மேலும் இரு திங்கள். ஆவணி பிறந்தபின் இடும் விதை தை விழாவுக்கு உதவாது. வடகோட்டைக்குச் செல்லும் உப்பு வண்டிகளைச் சுங்கவாயிலில் நிறுத்திவைக்க எனக்கு அதிகாரம் உண்டு. அதைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் பேரம் இது. உருண்டை மிளகாய் இப்பட்டினத்து உப்பு மண்ணில் உறைப்பின்றி இனிக்கிறது; தங்கள் செம்மண்ணில் அது அரசரை அழவைக்கும். அந்தச் செம்மண்ணின்மேலும் எனக்குப் பொறாமையே. ஆயினும் அதன் விதை பன்னிரண்டை இத்துடன் வரும் மூங்கிற்குழலில் ஈரத்துணி சுற்றி வைத்துள்ளேன். என் சொல்லை நம்பத் தங்களுக்குக் காரணம் இல்லை ஆதலால், ஒவ்வொன்றும் வெள்ளை வேர்நுனி நீட்டும்வரை காத்திருந்து வைத்தேன். வெந்த விதை வேர் விடாது. தாங்களும் அவ்வாறே வேர் தெரியும் விதை பன்னிரண்டை இதே ஓலைத்தூதன் கையில் கொடுத்தனுப்புக. தையில் இரு செடியும் அவையில் மோதட்டும். தோற்றால் நான் தூணருகே இருமிக்கொண்டிருப்பேன்.

இக்குழலின் வாயைக் குளிர்ந்த களிமண்ணால் அடைத்துத் தோணி முத்திரை பதித்தேன். மறுகுழலுக்கும் களிமண்ணே இடுக. உருக்கிய அரக்கு கூடாது. முத்திரையின் சூட்டில் வெந்தன போலும் என்று எழுதத் தங்களுக்கு இடம் வைக்க மாட்டேன்.

இது செவ்வாரைச் சுங்க அமைச்சன் ஆணை. ஆணை என்ற சொல் கோட்டை வாயிலில் நுழையாதெனில் வேண்டுகோள் எனக் கொள்க. விதை நுழைந்தால் போதும்.