சிவப்புத் தண்ணீர் தளும்பிய கை

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

நேற்று சாலைக் கடைத்தெருவில் இருக்கும் உம் வீட்டுக்கு, நீர் போய்ச் சேர்ந்த துக்கம் கேட்க வந்தேன். மரியாதைக்காகத்தான். உம் மனைவி பதிமுக மரச்சீவல் போட்டுக் காய்ச்சிய சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். அந்த வாசனை பட்டதுமே என் வலது கை நடுங்கத் தொடங்கியது. பாதித் தண்ணீர் என் வேட்டியில்.

ஆபீஸ் கேன்டீனிலும் இதே தண்ணீர்தானே. சூப்பிரண்டு கூப்பிட்டாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், எம்.ஏ. வரை படித்த நாக்கு மலையாளத்தில் ஒரு வரி பேச முடியாமல் ஒட்டிக்கொள்ளும். நீர் அதை மேசை மேசையாக நடித்துக் காட்டினீர்.

"அண்ணாச்சி, கிளாஸை ரெண்டு கையாலயும் பிடியும், கேட்டோ. பூகம்பம்னு ரேடியோக்காரன் வந்துரப் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த செக்‌ஷனில் என்னோடு தமிழ் பேச உம்மைத் தவிர ஆளில்லை. அதனால்தான் உம்மை நான் மன்னிக்கவில்லை.

வேட்டியைத் துடைக்க நான் துண்டை எடுத்தபோது உம் மனைவி சொன்னார்: "துடைக்காண்டாம் அண்ணாச்சி, காஞ்சிரும். அவியளுக்கும் இப்படித்தான். காலம்பற ஆபீசுக்கு இறங்குமுன்ன கிணத்துத் தண்ணி வாளில ரெண்டு கையையும் முக்கிக்கிட்டு, சூடு டீயை ஊதுத மாதிரி மூச்சை மெதுவா விட்டுக்கிட்டு நிப்பாவ. நடுக்கம் நின்னாத்தான் சட்டை பித்தான் போட முடியும்."

அவர் நிறுத்தவில்லை.

"உங்களைப் பத்திச் சொல்லுவாவ. 'அந்த மனுசன் நடுங்கினா நடுங்கட்டும்னு எல்லார் முன்னாலயும் நிக்கான். எனக்கு அந்தத் தைரியம் இல்ல. என்னைப் பார்த்துரக் கூடாதுன்னு அவனைக் காட்டிச் சிரிக்கேன்'னு."

தைரியமா? எனக்கு மறைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். எப்படி மறைப்பது என்று தெரிந்தவர் எதிர் நாற்காலியில் இருந்தீர். வாளியும் மூச்சும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? தெருவில் இறங்கி நின்றேன். எந்தப் பக்கம் வீடு என்பதே சற்று நேரம் பிடிபடவில்லை.

இன்று மதியம் ஆபீசில் உமக்கு அனுதாபக் கூட்டம். "சாரே, ரெண்டு வாக்கு பறயணம்" என்று இரண்டு வார்த்தை பேசச் சொல்லி என்னை எழுப்பிவிட்டார்கள். பழைய கணக்கையெல்லாம் அங்கேயே கொட்டிவிடலாம் என்றுதான் எழுந்தேன். கை ஆடியது. பின்வரிசையில் யாரோ செருமினார்கள். சட்டைப் பையில் கையை ஒளிக்கப் போனவன், எடுத்து மேசைமேல் எல்லோரும் பார்க்க வைத்தேன். டீயை ஊதுவதுபோல் மூச்சை விட்டேன். நெஞ்சு மெல்ல அடங்கியது. கை அடங்கவில்லை. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

"என் கை எப்போதும் இப்படித்தான்" என்றேன், என் தமிழ் வாடை அடிக்கும் மலையாளத்தில். "அவரை எனக்குச் சரியாகத் தெரியாது." ஒருவரும் சிரிக்கவில்லை.

உம் வாளியைச் சொல்லவில்லை. அது உம்மோடு போகட்டும். மூச்சை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். கோபமும் என்னிடம்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாளைக்கு.

உம் பெயருக்கே, உம் வீட்டு விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். எழுத்து ஆடுவதைப் பார்த்ததும் யாரென்று உம் மனைவிக்குத் தெரிந்துவிடும். தம்பானூர் தபால் பெட்டியில், கீழே பெயர் எழுதாமலேயே போடுகிறேன்.