பாதங்களை மூடியவள்

என் தங்கத்துக்கு,

இங்கே எல்லாரும் சுகம், நீயும் சுகம்தானே என்று எப்போதும்போல ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. "அம்மா, என்னால முடியல, நான் வந்துடறேன்" என்று அழுதுவிட்டு நீ போனை அணைத்ததிலிருந்து இந்த வீட்டில் யார் சுகம்? அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு வர அடுத்த ரயிலுக்குக் கிளம்புகிறார், செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிவிடாதே, முதலில் இதைப் படி.

நடந்ததை உன் அறைத்தோழி சொன்னாள். பாவம், உனக்குத் தெரியாமல் மாடிப்படியில் நின்று போனில் குசுகுசுவென்று பேசினாள். முதல் நாள் உடற்கூறு வகுப்பு, மேசையில் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்குமாம், போர்த்திய துணி எட்டாமல் இரண்டு பாதமும் வெளியே தெரிந்ததாம், நீ உன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அந்தப் பாதங்களை மூடிவிட்டாயாம். பேராசிரியை "இதென்ன உங்க வீட்டுப் படுக்கையறையா, அவங்களுக்குக் குளிருமா?" என்று கேட்க, வகுப்பே சிரிக்க, நீ கோட்டைக்கூட எடுக்காமல் ஓடிப்போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாயாம். கடையில் வேலையாக இருந்தபோதுதான் இதைக் கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றதில் யாரோ ஒருவர் சட்டை பொசுங்கி, சலவைக்கடை முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீ வேறென்ன செய்திருப்பாய் கண்ணே? நம் வீட்டில் கடைசியாக விளக்கணைப்பவர் மற்றவர்கள் பாதத்தை மூடிவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று உன்னைப் பழக்கியதே நான்தானே. உன் தம்பி, அந்த வாலு, கேட்டதும் முதலில் சிரித்தான், அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். "பொண்ணு பயந்துட்டா, படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்கிறார் அப்பா. பிணம் என்றாலே எனக்கும் பயம்தான். ஆனால் பயந்தவள் கிட்டே போய்ப் போர்த்துவாளா? அவர்கள் சிரித்ததுதான் உன்னை விரட்டியிருக்கிறது என்று என் மனசு சொல்கிறது. நாளைக்கு நானே அப்படி ஒரு மேசையில் கிடந்தால், சிரிக்கிற கூட்டத்தில் உன்னைப்போல ஒருத்தி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

ஒரு வாயாவது சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. உன் துணிமணிகளை அள்ளிவரக் காலிப் பை கொண்டுவருவதாக அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அதன் அடியில் நீ இங்கே விட்டுப்போன இன்னொரு வெள்ளைக் கோட்டைத் தேய்த்து வைத்திருக்கிறேன், அவரிடம் சொல்லவில்லை. முடியவே முடியாது என்றால் வந்துவிடு, ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்வாய் என்றால் அப்பாவுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பு. பழைய கோட்டை மட்டும் எடுத்து வராதே, அது அந்த அம்மா பாதத்திலேயே இருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா